எக்லோகைட்டின் வயது இடிக்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

எக்லோகைட் போன்ற, பூமிக்குள் ஆழத்தில் உருமாறிய உயர் அழுத்த உருமாற்றப் பாறைகளுக்கு வயது கணிக்கும்போது எண் கிடைக்காமல் போவது அரிது. ஏதோ ஒரு எண் வந்துவிடும். அது எதன் வயது என்பதில்தான் சிக்கல். பாறையின் முக்கியக் கனிமமான கார்னெட் வளரத் தொடங்கிய காலமா, பாறை அதிக ஆழத்தில் இருந்த காலமா, மேலே ஏறிக் குளிர்ந்த காலமா, இல்லை இரண்டு மூன்று காலங்கள் கலந்த வெறும் சராசரியா? எங்கள் ஆய்வகத்துக்கு மாணவர்கள் எடுத்துவரும் தரவுகளில் திரும்பத் திரும்ப அதே சில கோளாறுகள்தான் தெரிகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்னொரு ஐசோடோப்பு அளவீட்டுக்குப் பணம் கட்டாமல், கனிமத்தின் வேதியியலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

தொடங்கும் முன் மூன்று பொருள்கள் கையில் இருக்கட்டும்: வயது எடுத்த அதே பாறைத் துண்டிலிருந்து நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாகச் சீவிய தின் செக்‌ஷன், ஒரு பெரிய கார்னெட்டின் மையத்தை வெட்டி எடுத்த மாங்கனீசு, கால்சியம் பரவல் படம், திருத்தம் எதுவும் செய்யாத மூலத் தரவு அட்டவணை. பரவல் படம் இல்லாவிட்டால் முதலில் மைக்ரோப்ரோபில் (எலக்ட்ரான் கற்றையால் கனிமத்தின் வேதியியலை அளக்கும் கருவி) நேரம் வாங்கி அதை எடுங்கள். கீழே உள்ள பாதி கேள்விகளுக்கு அந்த ஒரு படத்தில் விடை இருக்கிறது.

## அறிகுறி 1: கார்னெட் லுட்டீசியம்–ஹாஃப்னியம் புள்ளிகள் ஒரே கோட்டில் விழவில்லை

லுட்டீசியம்-176 சிதைந்து ஹாஃப்னியம்-176 ஆகும். முழுப்பாறையையும் கார்னெட்டின் சில பங்குகளையும் அளந்து வரைபடத்தில் போட்டால் புள்ளிகள் ஒரே கோட்டில் விழ வேண்டும், கோட்டின் சாய்விலிருந்து வயது வரும். எங்களிடம் அதிகம் வரும் கோளாறு இந்தக் கோட்டில்தான். எம்எஸ்டபிள்யூடி (கோட்டைச் சுற்றிய சிதறலின் அளவு, 1ஐ ஒட்டி இருக்க வேண்டும்) 10, 20 என்று நிற்கும், அல்லது கோடு நன்றாக இருந்தும் வயது புவியியலோடு ஒட்டாது.

முதலில் செலவே இல்லாத ஒரு சோதனை. கணக்குத்தாளில் லுட்டீசியம்-176க்கு எந்தச் சிதைவு மாறிலி போட்டிருக்கிறது என்று பாருங்கள். இப்போது புழங்குவது ஆண்டுக்கு 1.867 × 10⁻¹¹. பழைய கணக்குத்தாள்களில் 1.94 × 10⁻¹¹ அப்படியே தங்கியிருக்கும். 5 கோடி ஆண்டு வயதில் இது கிட்டத்தட்ட 20 லட்சம் ஆண்டு வித்தியாசத்தைக் கொடுத்துவிடும். ஆனால் மாறிலி தவறாக இருந்தால் வயதுதான் மாறும், புள்ளிகள் சிதறாது. சிதறல் இருந்தால் கீழே தொடருங்கள்.

### முழுப்பாறைப் புள்ளி மட்டும் விலகினால்

முழுப்பாறையை எப்படிக் கரைத்தார்கள் என்று கேளுங்கள். டெஃப்லான் பாமில் (மூடிய அமிலக் கலத்தில்) உயர் அழுத்தத்தில் கரைத்திருந்தால், எளிதில் கரையாத சிர்கான் என்ற கனிமமும் சேர்ந்து கரைந்திருக்கும். எக்லோகைட்டாக மாறுவதற்கு முன்பே இருந்த பழைய சிர்கான், தன் பழைய ஹாஃப்னியத்தைப் பூட்டி வைத்திருக்கும். கார்னெட் வளர்ந்தபோது அந்த ஹாஃப்னியம் வினையில் கலந்துகொள்ளவே இல்லை. அது முழுப்பாறைப் புள்ளியைக் கீழே இழுக்கும், கோடு செங்குத்தாகும், வயது உண்மையைவிட அதிகமாக வரும்.

செய்ய வேண்டியது: அதே பொடியில் ஒரு பங்கை ஹாட்பிளேட்டில், சாதாரண அழுத்தத்தில் கரைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் சிர்கான் பெரும்பாலும் கரையாமல் நிற்கும். இரண்டு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சிர்கான்மேல் குற்றம் இல்லை. ஹாட்பிளேட் புள்ளி மேலே இருந்தால், கார்னெட்டோடு அதையே சேர்த்துக் கோடு போடுங்கள்.

### ஒரு கார்னெட் புள்ளி மட்டும் கீழே விழுந்தால்

இங்கே விளைவு நேர் எதிர். கார்னெட்டுக்குள் சிக்கிய சிர்கான் மணி, அதாவது உள்பொதிவு, கரைந்திருந்தால் அந்தப் புள்ளி இடதுபுறமும் கீழேயும் நகரும், வயது குறையும்.

இதற்கு எவ்வளவு சிர்கான் வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சிர்கானில் ஹாஃப்னியம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10,000 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கார்னெட்டில் 0.1 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிகிராம் கார்னெட்டின் ஹாஃப்னியத்தை இரட்டிப்பாக்க 1 மைக்ரோகிராம் சிர்கான் போதும். அது 60 மைக்ரான் பக்கமுள்ள ஒரே ஒரு மணி. பைனாகுலர் நுண்ணோக்கியில் கையால் பொறுக்கும்போது கார்னெட்டுக்குள் இருக்கும் அப்படிப்பட்ட மணி கண்ணில் படாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

சோதனை: அளந்த ஹாஃப்னியம் செறிவுகளை வரிசையாகப் பாருங்கள். மற்ற பங்குகள் 0.1, 0.15 என்று இருக்க ஒன்று மட்டும் 1 பிபிஎம் தாண்டினால் அதுதான் குற்றவாளி. டைட்டானியக் கனிமமான ரூட்டைலின் உள்பொதிவும் கொஞ்சம் ஹாஃப்னியம் தரும் என்பதால் தின் செக்‌ஷனில் இரண்டையும் தேடுங்கள். அந்தப் புள்ளியை விலக்குவதானால் காரணத்தையும் செறிவையும் கட்டுரையில் எழுதிவிட்டு விலக்குங்கள். கோட்டில் விழவில்லை என்பதற்காக மட்டும் ஒரு புள்ளியைத் தூக்கக் கூடாது.

### கார்னெட் புள்ளிகள் எல்லாமே சிதறினால்

செறிவுகள் ஒழுங்காக இருந்தும் சிதறல் இருந்தால், பரவல் படத்தை எடுங்கள். கன லாந்தனைடுகளில் கடைசியான லுட்டீசியத்தைக் கார்னெட் ஆவலோடு உள்ளே இழுக்கும். முதல் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துவிடுவது போல, மையம் வளரும்போதே சுற்றுப்புறத்தின் லுட்டீசியம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், விளிம்புக்குச் சொற்பமே மிஞ்சும். அதனால் மையத்துண்டு அதிகம் விழுந்த பங்கு ஒரு வயதையும், விளிம்பு அதிகம் விழுந்த பங்கு வேறொரு வயதையும் காட்டும். இது கோளாறே அல்ல, கார்னெட் நெடுங்காலம் வளர்ந்ததன் பதிவு.

மையமும் விளிம்பும் நிறத்திலோ உள்பொதிவிலோ வேறுபட்டால் கையால் பிரித்து இரண்டு கோடு போடலாம். கார்னெட் சில மில்லிமீட்டராவது இருந்தால் மைக்ரோ டிரில் கொண்டு வளையம் வளையமாக எடுக்கலாம். அதற்குக் கருவியும் பழகிய கையும் உள்ள ஆய்வகம் வேண்டும், சொந்தமாக முயன்று நல்ல கார்னெட்டை வீணாக்க வேண்டாம்.

## அறிகுறி 2: ஒரே கார்னெட்டில் லுட்டீசியம்–ஹாஃப்னியம் ஒரு வயது, சமாரியம்–நியோடிமியம் இன்னொரு வயது

லுட்டீசியம் வயது கூடுதல், சமாரியம் வயது குறைவு என்றால் பதற வேண்டாம். லுட்டீசியம் மையத்தில் குவிகிறது, சமாரியம் அப்படிக் குவிவதில்லை. பருமனில் பெரும்பங்கு வெளிப்பகுதியில்தான் இருக்கிறது என்பதால் சமாரியம்–நியோடிமியம் வயது பிந்தைய வளர்ச்சியின் பக்கம் சாயும். மாங்கனீசுப் படத்தில் மையம் உயர்ந்து விளிம்பு தாழ்ந்த மணி வடிவம் தெளிவாக இருந்தால் வளர்ச்சிப் பதிவு அழியவில்லை என்று அர்த்தம். அப்போது இரண்டு வயதுகளின் இடைவெளியை வளர்ச்சிக் காலமாகப் பேசலாம். மாங்கனீசு எங்கும் ஒரே மட்டமாகத் தட்டையாகி விளிம்பில் மட்டும் திடீரென்று ஏறினால், பாறை நீண்ட நேரம் சூடாக இருந்து தனிமங்கள் கார்னெட்டுக்குள் நகர்ந்திருக்கின்றன. பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலத்தின் கார்னெட் கொண்ட மாஃபிக் கிரானுலைட்டுகளைப் போல மிக உயர்ந்த வெப்பம் கண்ட பாறைகளில் இதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். அங்கே சமாரியம்–நியோடிமியம் வயது பெரும்பாலும் குளிர்ந்த காலத்தின் பக்கம் போயிருக்கும்.

சமாரியம் வயது கூடுதல், லுட்டீசியம் வயது குறைவு என்றால் சந்தேகப்படுங்கள். காரணம் அநேகமாக உள்பொதிவுதான்: மோனசைட், அலனைட், எபிடோட், அபடைட். இவை எல்லாம் நியோடிமியக் கிடங்குகள். சமாரியம்-147 / நியோடிமியம்-144 விகிதத்தைப் பாருங்கள். சுத்தமான கார்னெட்டில் அது பெரும்பாலும் 1ஐத் தாண்டும். 0.3, 0.5 என்று இருந்தால் நீங்கள் அளந்தது கார்னெட்டை அல்ல, அதற்குள் இருந்த அலனைட்டையும் சேர்த்துத்தான்.

மலிவான தீர்வு, கார்னெட்டை இன்னும் நுண்ணிதாகப் பொடித்து மறுபடி பொறுக்குவது. அப்புறம் சூடான கந்தக அமிலத்தில் ஊறவைத்து மோனசைட், அபடைட் போன்ற பாஸ்பேட் உள்பொதிவுகளை மட்டும் கரைத்தெடுப்பது. அலனைட், எபிடோட் போன்ற சிலிக்கேட்டுகளுக்குக் கந்தக அமிலம் போதாது, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் பகுதிக் கரைப்பு தேவைப்படும். அந்த இடத்தில் நிறுத்தி, சுத்த அறை வைத்திருக்கும் நிபுணரைக் கூப்பிடுங்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எட்டும் தூரத்தில் இல்லாத அறையில், பயிற்சியும் துணையும் இல்லாமல், அதைத் திறக்கவே கூடாது.

## அறிகுறி 3: ஃபென்ஜைட்டின் ஆர்கான் வயது, கார்னெட்டையும் சிர்கானையும்விட அதிகம்

ஃபென்ஜைட் ஒரு வெள்ளை மைக்கா. பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கானைக் குளிரும்போது கடைசியில் பூட்டிக்கொள்ள வேண்டிய இந்த மைக்கா, எல்லாரையும்விட மூத்ததாக வருகிறது. நேரடியாகச் சொல்லிவிடலாம்: கூடுதல் ஆர்கான். ஆழத்தில் ஆர்கான் வெளியேற வழியில்லாமல் மைக்காவுக்குள்ளேயே தங்கியிருக்கிறது, அல்லது சுற்றுப்புறத்திலிருந்து உள்ளே வந்திருக்கிறது.

இதற்குப் பெயர்போன இடம் மேற்கு ஆல்ப்சின் தோரா மயிரா. 1984இல் புவியியலாளர் கிறிஸ்தியான் ஷோப்பான் அங்கே பைரோப் வகைக் கார்னெட்டுக்குள், மிக உயர்ந்த அழுத்தத்தில் உருவாகும் சிலிக்கா வடிவமான கோயசைட்டைக் காட்டினார். மேலோட்டுப் பாறை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழம்வரை போய்த் திரும்பியிருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்த மலைத்தொகுதியின் ஃபென்ஜைட்டுகள் 10 கோடி ஆண்டு அளவில் ஆர்கான் வயதுகளைத் தந்தன, கிரெட்டேசியஸ் காலத்து உருமாற்றம் என்ற கருத்தும் அதோடு வலுவாக நின்றது. பின்னர் சிர்கானும் டைட்டனைட்டும் யுரேனியம்–ஈய முறையில் சுமார் 3.5 கோடி ஆண்டு என்று காட்டின. இன்று ஏற்கப்படுவது பின்னதுதான்.

இதில் கற்க வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. மைக்காவைப் படிப்படியாகச் சூடாக்கி ஆர்கானை அளக்கும்போது பல படிகள் ஒரே வயதைத் தருவதால் கிடைக்கும் தட்டையான மேடை, வயது சரி என்பதற்கு உறுதி இல்லை. கூடுதல் ஆர்கான் சீராகப் பரவியிருந்தாலும் மேடை அழகாகவே வரும்.

சோதனைகள்: தரவைத் தலைகீழ் ஐசோக்ரானில் (ஆர்கான் ஐசோடோப்பு விகிதங்களுக்கான கோட்டு வரைபடத்தில்) போட்டு, தொடக்க ஆர்கான்-40/36 விகிதம் காற்றின் மதிப்பான 298.6க்கு மேலே போகிறதா என்று பாருங்கள். போனால் விடை கிடைத்துவிட்டது. போகாவிட்டாலும் முழுக்க நம்பாமல், அதே ஃபென்ஜைட்டில் ரூபீடியம்–ஸ்ட்ரோன்ஷியம் எடுத்து ஒப்பிடுங்கள். அதே பாறையில் இன்னும் நாலு ஃபென்ஜைட்டுக்கு ஆர்கான் அளக்கப் பணம் கட்ட வேண்டாம். அது அதே பிழையை நாலு முறை அளப்பதுதான்.

## அறிகுறி 4: சிர்கான் வயதுகள் ஒரு புள்ளியில் நிற்காமல் கோடு நெடுக இழுபடுகின்றன

லடாக்கின் சோ மோராரி பாறைகளை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கிரானைட் நைஸின் மூலக் கிரானைட் சுமார் 48 கோடி ஆண்டு பழையது. இந்தியத் தட்டின் விளிம்பு ஆழத்துக்குப் போனது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆக ஒரே மணியில் 48 கோடி ஆண்டு மையமும் 5 கோடி ஆண்டு விளிம்பும் இருக்கலாம். வயது அளக்க லேசர் சுடும் குழி விளிம்பில் விழுந்து, பத்தில் ஒரு பங்கு மட்டும் மையத்தைத் தொட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் யுரேனியம் சமம் என்றால் வரும் வயது சுமார் 9 கோடி. அப்படி ஒரு நிகழ்வே அங்கு நடக்கவில்லை. இப்படிப்பட்ட எண்ணுக்கு ஒரு மலையாக்கக் கதை எழுதப்படுவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எளிய காரணம்: குழி எல்லையை மிதித்தது. கத்தோடு ஒளிர்வுப் படத்தின்மேல் (எலக்ட்ரான் பட்டு ஒளிரும் சிர்கானின் உள் அடுக்குகளைக் காட்டும் படம்) ஒவ்வொரு குழியின் இடத்தையும் வரையுங்கள். எல்லையில் உட்கார்ந்த குழிகளை முதலில் ஒதுக்குங்கள்.

அடுத்து: குழி ஆழத்தில் எல்லையைத் தாண்டியது. மேலே பார்த்தால் சுத்தமான விளிம்பு, 15 மைக்ரான் கீழே பழைய மையம். குழி ஆழமாக ஆக அளவீடு எப்படி மாறியது என்று காட்டும் நேரப்போக்குச் சிக்னலைத் திறந்து பாருங்கள். ஈயம்-206/யுரேனியம்-238 விகிதம் பாதி வழியில் படியேறினால் முற்பாதியை மட்டும் எடுத்துக் கணக்கிடலாம்.

இதுவும் இல்லை என்றால்: ஈயம் கசிந்திருக்கலாம். யுரேனியம் கூடக்கூட வயது குறைகிறதா என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். குறைந்தால் கதிர்வீச்சால் சிதைந்த பகுதிகளை ஒதுக்க வேண்டும்.

விளிம்பே 10 மைக்ரானுக்குக் குறைவு என்றால் சாதாரண 30 மைக்ரான் லேசர் குழியால் ஆகாது. மெருகேற்றாத மணியின் வெளிமுகத்திலிருந்து உள்ளே துளைத்துப் போகும் ஆழ அளவீடு, அல்லது ஓரிரு மைக்ரான் ஆழமே தோண்டும் அயனிக் கற்றைக் கருவி வேண்டும். தில்லி இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் உள்ள தேசியப் புவிக்காலவியல் வசதி போன்ற இடங்களை அணுகும் கட்டம் இது. விண்ணப்பத்தோடு ஒளிர்வுப் படத்தையும் தோல்வியடைந்த லேசர் தரவையும் சேர்த்து அனுப்பினால், எங்கே சுட வேண்டும் என்று அவர்களே யோசிக்க முடியும்.

## அறிகுறி 5: சிர்கான் வயது துல்லியமாக இருக்கிறது, ஆனால் அது உயர் அழுத்தத்தின் வயதா என்று தெரியவில்லை

என் பார்வையில் மிக முக்கியமான இடம் இதுதான். பிழை எல்லை சிறியதாக இருப்பதைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். சோ மோராரிக்கு மட்டும் சுமார் 5.5 கோடியிலிருந்து 4.5 கோடி ஆண்டு வரை பல வயதுகள் வெளியாகியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் அளவில் கவனமான வேலை. எந்தக் கனிமத்தின் எந்தப் பகுதி, எந்த அழுத்தத்தில் வளர்ந்தது என்பதில்தான் வேறுபாடு.

வயது எடுத்த அதே பகுதியில் அருமண் தனிமங்களை (லாந்தனைடுகளை) அளந்து, காண்ட்ரைட் விண்கல்லோடு ஒப்பிட்டு வரையுங்கள்.

கன அருமண் பகுதி தட்டை, யூரோப்பியம் பள்ளம் இல்லை: கன அருமண் தனிமங்களை இழுக்கும் கார்னெட் பக்கத்தில் இருந்தது, யூரோப்பியத்தை இழுக்கும் பிளேஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் இல்லை. எக்லோகைட் நிலைக்கு இது நல்ல சான்று.

தட்டை உண்டு, பள்ளமும் உண்டு: உடனே கிரானுலைட் நிலை (பிளேஜியோகிளேஸ் நிலைத்திருக்கும் குறைந்த அழுத்தம்) என்று முடிவு கட்டாதீர்கள். கிரானைட்டிலிருந்து வந்த பாறை என்றால் முழுப்பாறையிலேயே யூரோப்பியம் பள்ளம் இருக்கும், எக்லோகைட் நிலையில் வளர்ந்த சிர்கானும் அதை வாங்கிக்கொள்ளும். காண்ட்ரைட்டுக்குப் பதிலாக அந்தப் பாறையின் மொத்த வேதியியலோடு ஒப்பிட்டு மறுபடி வரையுங்கள். பள்ளம் மறைந்தால் பிளேஜியோகிளேஸ் இல்லை என்றே பொருள். மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

கன அருமண் பகுதி செங்குத்தாக ஏறுகிறது: கார்னெட் வளர்வதற்கு முன் வந்த சிர்கான், அல்லது பழைய எரிமக் குழம்பின் சிர்கான். தோரியம்/யுரேனியம் விகிதத்தையும் பாருங்கள். 0.1க்குக் கீழே என்றால் உருமாற்றத்தில் வளர்ந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது துணைச் சான்றுதான், தனியாக நிற்காது.

இவற்றையெல்லாம்விட வலுவானது உள்பொதிவு. பாகிஸ்தானின் காகான் பள்ளத்தாக்கில் கோயசைட்டை உள்ளே வைத்திருந்த சிர்கான் பகுதிக்குச் சுமார் 4.6 கோடி ஆண்டு வயது வந்தது. அங்கே வயதுக்கும் அழுத்தத்துக்கும் இடையில் ஊகத்துக்கு இடமே இல்லை. உங்கள் சிர்கான்களிலும் வயது எடுக்கும் முன் ராமன் நுண்ணோக்கியில், எக்லோகைட்டின் பைராக்சீன் கனிமமான ஆம்ஃபசைட்டையும் கோயசைட்டையும் தேடுங்கள். லேசர் சுட்டபின் அந்தப் பொருள் திரும்பக் கிடைக்காது.

வயதும் அருமண் தனிமங்களும் தனித்தனிக் குழிகளில் எடுக்கப்பட்டு ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால், ஒரே குழியின் பொருளை இரண்டு கருவிகளுக்குப் பிரித்து அனுப்பும் லேசர் அமைப்பு தேவை. செலவு கூடும், ஆனால் இந்தக் கேள்விக்கு அது தகும்.

## அறிகுறி 6: மைக்ரோப்ரோப் மோனசைட் வயதுகள் தாறுமாறாக வருகின்றன

தோரியம் நிறைந்த பாஸ்பேட் கனிமமான மோனசைட்டில் ஐசோடோப்பு பிரிக்காமல், தோரியம், யுரேனியம், ஈயம் மூன்றின் மொத்த அளவிலிருந்தே வயது கணக்கிடும் முறை இது. நம் நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது.

முதலில் இந்தப் பாறைக்கு இந்த முறை பொருந்துமா என்று பாருங்கள். தோரியம் 5 சதவீதம் உள்ள மோனசைட்டில், மதுரை வட்டாரக் கிரானுலைட்டுகளைப் போல 55 கோடி ஆண்டு ஆகியிருந்தால், தோரியத்திலிருந்து மட்டும் சுமார் 1,200 பிபிஎம் ஈயம் சேர்ந்திருக்கும். நிம்மதியாக அளக்கலாம். அதே மோனசைட் இமயமலையில் 5 கோடி ஆண்டுதான் பழையது என்றால் ஈயம் சுமார் 110 பிபிஎம். அது மைக்ரோப்ரோபின் கண்டறியும் எல்லையை ஒட்டியே இருக்கிறது. எத்தனை புள்ளி எடுத்தாலும் சிதறல் குறையாது. லேசருக்கு மாறுங்கள்.

பாறை பழையதாக இருந்தும் சிதறினால், யிட்ரியம் திருத்தத்தைப் பாருங்கள். யிட்ரியத்தின் ஓர் எக்ஸ்-கதிர்க் கோடு ஈயத்தின் எம்-ஆல்ஃபா கோட்டின்மேல் விழுகிறது. திருத்தாவிட்டால் யிட்ரியம் அதிகமுள்ள பகுதி மூப்பாகத் தெரியும். யுரேனியத்தின் எம்-பீட்டா கோட்டுக்குத் தோரியத்தால் அதே தொல்லை உண்டு. ஈயத் தகட்டில் மெருகேற்றிய செக்‌ஷனா என்றும் விசாரியுங்கள். விரிசல்களில் ஈயம் தங்கிவிடும். இவற்றைச் சரிசெய்தபின் யிட்ரியம் நமக்கே உதவும். யிட்ரியத்தைக் கார்னெட் இழுத்துக்கொள்வதால், யிட்ரியம் குறைந்த பகுதி கார்னெட் இருந்தபோது வளர்ந்தது, அதிகமுள்ள வெளிவிளிம்பு பெரும்பாலும் கார்னெட் உடைந்தபோது வளர்ந்தது.

## அறிகுறி 7: ரூட்டைல் வயது எல்லாவற்றையும்விடக் குறைவு

பெரும்பாலும் அது சரியான வயதுதான், குளிர்ந்த காலத்தின் வயது. மணியின் அளவுக்கு எதிராக வயதைப் போட்டுப் பாருங்கள். சிறிய மணிகள் இன்னும் இளமையாக வந்தால் சந்தேகமே இல்லை. பிழை எல்லை மட்டும் பெரிதாக இருந்தால், யுரேனியம் குறைவாகவும் தொடக்க ஈயம் அதிகமாகவும் இருக்கிறது. ரூட்டைலில் தோரியம் அநேகமாக இல்லை என்பதால் ஈயம்-208ஐ வைத்தே தொடக்க ஈயத்தைத் திருத்திவிடலாம். யுரேனியம் 1 பிபிஎம் கூட இல்லாத மணிகளை விட்டுவிடுங்கள்.

## எல்லாம் பார்த்தும் ஒட்டவில்லை என்றால்

கூப்பிட வேண்டிய ஆள் முதலில் ஐசோடோப்பு நிபுணர் அல்ல, உருமாற்றப் பாறையியல் தெரிந்தவர். கார்னெட் பரவல் படத்தையும் உள்பொதிவுப் பட்டியலையும் கொடுத்து, அழுத்த–வெப்பப் பாதையை அவரிடம் வரைந்து வாங்குங்கள். பாறை இரண்டு முறை ஆழத்துக்குப் போயிருந்தால் கார்னெட்டில் கால்சியம் படி போலக் குதித்து, இடையில் அரித்த எல்லை ஒன்று தெரியும். அப்படித் தெரிந்தால் மொத்தக் கார்னெட்டை வைத்து ஒரே கோடு போடும் முயற்சியைக் கைவிட்டு, எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் வேலைக்கு மட்டும் பணம் கேளுங்கள். பிரிக்க முடியாத அளவுக்குக் கார்னெட் சிறியது என்றால், அதே பாறைத்தொடரில் கார்னெட் பெரிதாக வளர்ந்த வேறொரு வெளிப்பாட்டைத் தேடிப் புதிய மாதிரி எடுப்பதே செலவு குறைந்த வழி.